வித்தும் நிலமும்: பெருங்குடற் புற்றும் பவுத்திரமும்

வெட்கத்தால் மறைக்கப்படும் நோய்களுள் ஒன்று பவுத்திரம். வடநூலார் இதனைப் பகந்தரம் என்பர். சுச்சுருத சங்கிதை இதன் வகைகளையும் சிகிச்சையையும் விரித்துரைக்கின்றது. வைத்தியம் எமது துறையன்று. எனினும், மறைத்தலால் வருங் கேடு பெரிதாதலின், வைத்திய நூலோர் தெளிந்த செய்தியொன்றை எளிய தமிழில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

குதத்தின் உட்சுவரிலே சிறு சுரப்பிகள் உள. அவற்றுள் ஒன்று சீழ்ப்பிடித்து, அச்சீழ் வழிதேடிப் புறத்தோலில் உடையுமாயின், உள்ளும் புறமும் வாய்கொண்ட புண்வழியொன்று உண்டாகும். இதுவே பவுத்திரம். ஆண்டுக்கணக்காகக் கசிந்துகொண்டிருப்பினும், இது பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதன்று.

பெருங்குடற் புற்றோ அத்தகையதன்று. குடலின் உட்சவ்விலே தோன்றும் அது, நிணநீர் வழியாகக் கணுக்களுக்கும், இரத்தத்தின் வழியாக ஈரல், நுரையீரல்களுக்கும் பரவும். இவையன்றி அரியதொரு வழியும் உண்டு. புற்றிலிருந்து உதிருங் கலங்கள் குடலினூடே கீழிறங்கும். பழுதற்ற சவ்விலே அவை எளிதில் ஒட்டுவதில்லை. பவுத்திரத்தினுள்ளேயோ ஆறாத புண்ணின் இழையம் வெளிப்பட்டிருக்கின்றது. அங்கே புகுந்த கலம் ஒட்டி வேரூன்றிவிடக்கூடும்.

புற்றுக்கலம் வித்து; அது சேரும் உறுப்பு நிலம்; ஏற்ற நிலத்திலன்றி வித்து முளையாது. மார்புப் புற்றினை ஆராய்ந்த ஆங்கில வைத்தியர் ஸ்டீபன் பஜெற் 1889ஆம் ஆண்டிலே வெளியிட்ட கருத்து இது. பவுத்திரம் அத்தகைய நிலமாதலை 1954ஆம் ஆண்டிலே மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த கட்டுரை எடுத்துக்காட்டிற்று. பின்னரும் பல நாட்டு வைத்தியர்கள் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதியுள்ளனர்.

நிற்க. நெடுநாட் பவுத்திரத்திலே புற்றுத் தானாகவே தோன்றுதலும் உண்டு. வந்து பதிந்ததோ, அங்கேயே பிறந்ததோ என்பதை எவ்வாறு அறிவது? இரண்டிடத்து இழையங்களையும் நுணுக்குக்காட்டியில் ஒப்புநோக்குவர். சைற்றோகெரற்றின் 7, 20 என்னும் புரதங்களையும் சாயமிட்டுத் தேடுவர். பெருங்குடற் புற்றிலே பொதுவாக 20 காணப்படும், 7 காணப்படாது. குதச் சுரப்பியிற் பிறந்த புற்றிலே 7 காணப்படுதல் வழக்கம்.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாது எனின், சிகிச்சை இதனைப் பொறுத்தது. குடலிலுள்ள புற்றை மாத்திரம் அகற்றிப் பவுத்திரத்தை விட்டுவிடின், அங்கே பதிந்தது பின்னர் வளரும். பவுத்திரத்தை மாத்திரம் அறுப்பின், மேலுள்ள புற்று மறைந்தேயிருக்கும். வேறெங்கும் பரவாத நிலையில் இரண்டையும் கண்டறிந்து அகற்றின், குணமடைதல் கூடும்.

பழைய நோயுடையார்க்கு வரும் பெரிய ஆபத்து, புதிய குறியையும் பழைய நோயின் மேல் ஏற்றிவிடுதலே. மலத்தோடு இரத்தம் போதல், மலங்கழிக்கும் வழக்கம் மாறி நீடித்தல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தச்சோகை ஆகியவற்றை, ‘இது பழைய பவுத்திரந்தானே’ எனத் தள்ளிவிடலாகாது. ஆறாப் பவுத்திரத்தின் இழையத்தைப் பரிசோதிப்பித்தலும், வைத்தியர் கூறின் குழாய்க்கருவியாற் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பித்தலும் வேண்டும்.

கல்லூரியிலே உடற்கூறு கற்றபோது எவ்வுறுப்பின் பெயரையும் கூறக் கூசினோமல்லோம். அக்கல்வி பயன்படுமிடம் வைத்தியரின் முன்னிலையே. எம் பழைய மாணவருட் பலர் ஐம்பதைக் கடந்தவர். இளைய மாணவர்க்கோ வீட்டிலே தந்தையரும் பேரரும் உளர். அவர்கள் சொல்லத் தயங்கும் நோயைக் கேட்டறிந்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலும் கற்றோர் கடனேயாம்.