3200னு வாங்கினோம், 2666னு காட்டுதே!



கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. "ரிச்சி தெரு வரைக்கும் போய் 3200 ரேம் வாங்கிட்டு வந்தோம். மாட்டிப் பார்த்தா 2666னுதான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டார்!"

வண்டலூரில் எலக்ட்ரிக் டிரெய்ன் ஏறி, எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கி, அண்ணா சாலைப் பக்கம் போய், சண்டை போட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிடும். (அன்றைக்குப் பாதிக் கடை மூடியிருக்கும் என்பது வேறு விஷயம்.) அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே பத்து நிமிஷம் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. சில சமயம் இருக்கும். எது எப்போது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 3200 என்றால் என்ன?

ஒரு வினாடிக்கு 320 கோடி தடவை ரேம் தகவலைக் கொடுக்கவோ வாங்கவோ முடியும் என்று அர்த்தம். ஆனால் ரேமின் கடிகாரத் துடிப்பு 320 கோடி கிடையாது, அதில் பாதிதான், அதாவது 1600 மெகாஹெர்ட்ஸ். வண்டலூரிலிருந்து தாம்பரத்துக்கு ஓடும் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போதும் ஆள் ஏற்றுகிறது, வரும்போதும் ஏற்றுகிறது. ஒரு டிரிப், இரண்டு சவாரி. அதே மாதிரி ரேமும் ஒரு துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தகவல் அனுப்பும். டிடிஆர் என்ற பெயரில் உள்ள முதல் 'டி' அந்த இரட்டிப்பைத்தான் சொல்கிறது.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்துவிட்டு "1600தான் வருது, பாதி காணோம்" என்று பதறுபவர்கள் உண்டு. அது துடிப்பின் எண். இரண்டால் பெருக்கினால் 3200. பிரச்சினையே இல்லை! விண்டோஸில் பார்க்க வேண்டுமானால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. அங்கே 'ஸ்பீட்' என்று இருப்பது பெருக்கி முடித்த எண். அங்கேயும் 2666 அல்லது 2400 என்று இருந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

மூன்று பேர் பேசி முடிவு செய்யும் வேகம்

பைக்கின் ஸ்பீடோமீட்டரில் 140 வரைக்கும் எண் இருக்கு. அதுக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் 140ல் போக முடியுமா? ரேம் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் அப்படித்தான். "என்னால் இவ்வளவு முடியும்" என்று ரேம் சொல்கிறது. ரோடு விட வேண்டாமா?

ரேம் பலகையில் மிளகு அளவில் ஒரு குட்டிச் சில்லு இருக்கும். அதற்கு எஸ்பிடி என்று பெயர். இந்த ரேம் எந்தெந்த வேகத்தில் ஓடும், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மதர்போர்டு முதல் வேலையாக அதைப் படிக்கும். பிறகு ப்ராசஸரால் எவ்வளவு முடியும் என்று பார்க்கும். எல்லோராலும் முடிகிற வேகத்தில் ஓட்டும். யார் மெதுவோ அவர் வைத்ததுதான் சட்டம்.

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இன்டெல் ப்ராசஸர்களைப் பாருங்கள். ஆறாம் தலைமுறை ஐ5-6500 என்றால் டிடிஆர்4 ரேமுக்கு எல்லை 2133. ஏழாம் தலைமுறை ஐ3-7100 என்றால் 2400. ஐ5-8400, ஐ5-9400, 2020இல் வந்த ஐ5-10400 மூன்றுக்கும் 2666. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஐ5-11400க்குத்தான் 3200. ஆக, ஐ5-10400ஐ எச்410 மாதிரி சாதாரண போர்டில் வைத்துக்கொண்டு 3200 ரேம் போட்டால் 2666தான் வரும். ரேம் நல்ல ரேம். கடைக்காரரும் நல்லவர். பழைய இன்டெல் போர்டுகளில் 'இசட்' என்று தொடங்கும் விலை கூடிய வகையில் மட்டும்தான் அந்த எல்லையைத் தாண்ட விட்டார்கள். 2021இல் வந்த பி560 போன்றவற்றில்தான் மற்றவர்களுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. ஏஎம்டி போர்டுகள் இந்த விஷயத்தில் தாராளம். பி450, பி550 இரண்டிலுமே மாற்ற விடுவார்கள்.

இன்னொரு காரணம், பழைய ரேமையும் புது ரேமையும் ஜோடி சேர்ப்பது. நம்ம ஸ்போர்ட்ஸ் டேயில் மூணு கால் ஓட்டம் ஓடியிருக்கீங்களா? 2400 ரேமோடு 3200 ரேமின் காலைக் கட்டினால் இரண்டும் 2400ல்தான் ஓடும்.

3200லேயே இரண்டு ஜாதி

இது பல பேருக்குத் தெரியாது. ஒரு வகை 3200 ரேம், மாட்டியதும் தானாக 3200ல் ஓடும் (ப்ராசஸர் விட்டால்). இன்னொரு வகை, முதலில் 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு பொதுவான வேகத்தில்தான் எழுந்திருக்கும். 3200 விவரம் அதன் எஸ்பிடியில் தனிப் பக்கமாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு எக்ஸ்எம்பி என்று பெயர். இன்டெல் 2007இல் கொண்டுவந்தது. ஏஎம்டி தன் பங்குக்கு 2022இல் எக்ஸ்போ என்று ஒன்றை டிடிஆர்5க்காகக் கொண்டுவந்தது. நாமாகப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். டிடிஆர்5லும் இதே கதைதான். 6000 என்று விற்கும் ரேம் பெரும்பாலும் 4800ல்தான் எழுந்திருக்கும்.

இந்தப் புலம்பல் அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போயிருக்கு! கோர்சேர் நிறுவனம் விளம்பரம் செய்த வேகம் தானாக வருவதில்லை, செட்டிங்கை மாற்றினால்தான் வருகிறது என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி தன் மேல் தப்பு இல்லை என்றே சொன்னது. ஆனாலும் 2025இல் 55 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது. அட்டையில் "வரை" என்று ஒரு வார்த்தை சேர்த்து அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்? என்னைக் கேட்டால் வாங்கியவர்கள் பக்கம்தான் நியாயம்.

திறப்பது எப்படி? ஆன் செய்யும்போது டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அதில் எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ என்று இவற்றில் ஒன்று இருக்கும். 'ப்ரொஃபைல் 1' என்று தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அந்தப் பெயரே இல்லையென்றால் உங்கள் போர்டில் வசதி இல்லை, விட்டுவிடுங்கள். லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்காது.

மாற்றிய பிறகு திரையே வராவிட்டால் பயப்பட வேண்டாம். பல போர்டுகள் இரண்டு மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு அதுவாகவே பழைய வேகத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள காசு மாதிரி வட்ட பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப மாட்டுங்கள். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். வேகம் கூட்டிய பிறகு நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் நின்று நின்று போனால் ஒரு படி குறைத்துக்கொள்வதே நல்லது. ப்ராஜெக்ட் ஃபைல் போனால் எந்த வேகமும் திருப்பித் தராது. முக்கியமான விஷயம், இதையெல்லாம் நம்ம பள்ளி லேபில் சாரைக் கேட்காமல் செய்யாதீங்க!

எப்போது நிஜமாகவே ஏமாற்று?

சிபியு-இசட்டில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறங்கள். தயாரித்த கம்பெனி, பார்ட் நம்பர், அதிகபட்ச வேகம் மூன்றும் இருக்கும். கீழே உள்ள அட்டவணையில் எக்ஸ்எம்பி உண்டா என்றும் தெரியும். ஸ்டிக்கரில் 3200 என்று இருந்து, உள்ளே 2400 என்று இருந்து, எக்ஸ்எம்பியும் இல்லையென்றால் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய ரேம் என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. அப்போது பில்லையும் அந்தத் திரையின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு தாராளமாக ரயில் ஏறலாம். மாற்றித் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் வாங்கியவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

சரி, 2666ல் ஓடினால் எவ்வளவு நஷ்டம்?

ஒவ்வொரு தடவையும் ரேம் 8 பைட் கொடுக்கும். 3200ஐ 8ஆல் பெருக்கினால் 25,600. அதாவது வினாடிக்கு 25.6 ஜிபி. (ஸ்டிக்கரில் பிசி4-25600 என்று இருப்பது இந்தக் கணக்குதான்.) 2666 என்றால் 21.3 ஜிபி. ஆறில் ஒரு பங்கு குறைவு. கேட்ட தகவல் வந்துசேர ஆரம்பிக்க ஆகும் காத்திருப்பு இன்னும் வேடிக்கை. சாதாரண 3200 ரேமில் 22 துடிப்பு, அது 13.75 நானோ வினாடி. சாதாரண 2666 ரேமில் 19 துடிப்பு, அது 14.25. அரை நானோ வினாடிதான் வித்தியாசம்! டைப் அடிப்பதிலும் சி++ ப்ரோக்ராம் ஓட்டுவதிலும் நமக்குத் தெரியவே தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுபவர்களுக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் படம் வரைவதற்கும் அதே ரேம்தான்.

இதை விடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கு. ஒரே 16 ஜிபி ரேம் 3200ல் ஓடினால் 25.6 ஜிபி. இரண்டு 8 ஜிபி ரேம் 2666ல் ஓடினாலும் இரண்டு வழியாக வருவதால் 42.6 ஜிபி! நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் மாட்டினால் ஒரே வழியில் இரண்டும் நெருக்கியடிக்கும். 3200க்காகச் சண்டை போடும் பலர் வீட்டில் இதை யாரும் பார்ப்பதில்லை.

ரேமின் தங்க நிறப் பல்லை ரப்பர் வைத்துத் தேய்த்தால் வேகம் கூடும் என்று ஒரு பேச்சு இருக்கு. கூடாது. அழுக்கால் ரேமே தெரியாமல் போனால் தேய்ப்பது உதவும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை ரேம் வாங்கப் போகும்போது ப்ராசஸர் பெயர், போர்டு பெயர், இப்போதுள்ள ரேமின் பார்ட் நம்பர் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தச் சீட்டைக் காட்டி, "இதில் எவ்வளவு வேகம் வரும்ணே?" என்று காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு