வந்தவரை எண்ணினால் போதுமா?

ஆண்டுதோறும் சங்கத்திற்கும் கடைகளுக்கும் நன்கொடை கேட்டு வருகிறார்கள். கண் சிகிச்சை முகாம், தையல் பயிற்சி, கறவை மாடு என்று காரணங்கள் பல. சில மாதம் கழித்து "பயனடைந்தோர் இத்தனை பேர்" என்று படத்துடன் ஓர் அறிக்கை வரும். பயன் என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்பவர் அரிது. லாரியில் ஏற்றிய மூட்டை எல்லாம் விற்பனை ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். தொண்டுக் கணக்கில் மட்டும் ஏற்றியதையே விற்றதாக எழுதிவிடுகிறார்கள்.

நமக்குப் பழக்கமான ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, மயிலம் வழியாகப் புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைக்குக் கண் காட்டப் போகிறவர்கள் நம் பகுதியில் ஏராளம். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அந்த நிறுவனம். புதுச்சேரிக் கிளை 2003-இல் வந்தது. பணம் கொடுப்பவரின் வருமானத்தைக் கொண்டு, இல்லாதவருக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை தருகிறார்கள். சேவையே நோக்கம், ஆனால் சொந்தக் காலில் நிற்கும் வியாபாரம். இதைத்தான் இன்று சமூகத் தொழில் நிறுவனம் என்கிறார்கள்.

அறுவை சிகிச்சை எண்ணிக்கையைச் சொல்லியே அவர்கள் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தாரும் பங்கு கொண்டு, 1999-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முகாம் நடந்த தமிழக கிராமங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். கண்ணில் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர் 100-க்கு 7 பேர் கூட இல்லை! சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, வீட்டுப் பொறுப்பு, கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடுமோ என்ற பயம், இவை தடுத்தன. வந்தவரை மட்டும் எண்ணியிருந்தால் இது வெளியில் வந்திருக்காது. பின்னர் 2004 முதல் சிற்றூர்களிலேயே சிறு கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்து, தொலைவில் உள்ள டாக்டருடன் இணைத்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி மாதத்தில் கடைக்குப் புதுப் போர்டு மாட்டிவிட்டு, விற்பனை ஏறியது போர்டினால்தான் என்றால் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். அவர் கடையிலும்தான் ஏறியிருக்கும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது கடந்த 751 தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து, பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. கண்ணாடி போட்டவர் நாளொன்றுக்குச் சுமார் 9¾ கிலோ கூடுதலாகப் பறித்தார். போடாதவரும் சுமார் 4½ கிலோ கூடுதலாகப் பறித்திருந்தார். ஆகவே கண்ணாடியின் பங்கு 5¼ கிலோதான். அதுவே பெரிய லாபம். ஆனால் போடாதவரை நிறுக்காமல் விட்டிருந்தால் 9¾ என்றே அறிக்கையில் அச்சாகியிருக்கும்.

பெரிய கம்பெனிகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதியாக ஆண்டுச் சராசரி 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலவிடக் கடமைப்பட்டவை, 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. நமக்கு அது ஒத்துவராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். தவிர, கணக்கு அதிகம் கேட்டால், எளிதில் குணமாகிறவரையே தேடிப் பிடித்துச் சேர்க்கும் ஆபத்தும் உண்டு. தள்ளாத கிழவி கணக்கில் வராமலே போவாள்.

அந்தக் கிழவியின் வீடு நமக்குத் தெரியும். யார் மாதச் சரக்கு குறைந்தது, யார் பற்று ஏறியது என்பது மளிகைக் கடைக்காரர் அறியாததா? எனவே, அடுத்த முகாமுக்கு நன்கொடை தரும்போது சங்கம் இரண்டு விவரங்களை எழுதி வாங்கலாம்: அழைத்தும் வராதவர் எத்தனை பேர், ஏன் வரவில்லை. சிகிச்சை பெற்றவர் சம்மதித்தால், ஆறு மாதம் கழித்துப் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்தந்த ஊர்க் கடைக்காரரே நேரில் கண்டு விசாரிக்கலாம். நோட்டுப் புத்தகமும் பஸ் கட்டணமும்தான் செலவு.