சாலை மதிப்பீட்டில் சைக்கிள் எங்கே?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிப்பவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கப்படுகிறது. இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட திட்டம் இது. வழங்குகிற அரசுதான் சாலையும் போடுகிறது. அந்தச் சாலையில் அந்தச் சைக்கிளுக்கென்று ஒரு முழம் இடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

நான்குவழிச் சாலை ஊரைப் பிளந்துகொண்டு போகும் ஓர் இடத்தில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். சென்டர் மீடியனில் திறப்பு வெகுதூரம் தள்ளி இருக்கும். பையைக் கேரியரில் செருகிய பிள்ளைகள், எதிரே லாரி வர, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒண்டியபடி எதிர்த்திசையில் மிதித்து வருவார்கள். அடிபட்டால் தப்பான பக்கத்தில் வந்ததாகப் பேச்சு வரும். அந்தத் தப்பு வரைபடத்திலேயே இருந்ததை யாரும் பேசுவதில்லை.

சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது குறுக்குவெட்டு வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிறது. இத்தனை மீட்டர் வண்டித்தடம், இவ்வளவு மீடியன், ஓரத்தில் வடிகால். அந்தக் கட்டத்தில் சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் ஒதுக்குவது தாளில் ஒரு கோடு. சாலை போட்டு முடித்த பிறகு அதே இரண்டு மீட்டருக்கு மழைநீர் வடிகாலை நகர்த்த வேண்டும், மின்வாரியப் பெட்டியை மாற்ற வேண்டும், மரத்தை வெட்ட வேண்டும். அதனால்தான் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றால் நடைமுறையில் “கிடையாது” என்று அர்த்தமாகிவிடுகிறது.

கொள்கை இல்லாமல் இல்லை. மனிதர்களை மையமாக வைத்துச் சாலை இடத்தைப் பங்கிட வேண்டும் என்று 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையே ஏற்றுக்கொண்டது. சாலைப் போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும், 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்று பெரிய இலக்குகள். பலன் இல்லாமல் போகவில்லை. பல சாலைகளில் நடைபாதை அகலமாயிற்று, 2019இல் பாண்டி பஜார் நடப்பவர்களுக்கான வளாகமாக மாறியது. ஆனால் பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இலக்கு தவறினால் கேள்வி கேட்க அந்தக் கொள்கை யாருக்கும் பிடி கொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

பிடி கொடுக்கும் சட்டம் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1971இல் ஒன்று வந்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர் டான் ஸ்டேத்தோஸ் கொண்டுவந்தார். ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். சாலையைப் புதிதாகப் போட்டாலும், திருத்திக் கட்டினாலும், இடம் மாற்றினாலும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் சேர்ந்தே வர வேண்டும். மாநில நெடுஞ்சாலை நிதியில் பெறுவதில் குறைந்தது ஒரு சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும். விலக்கு மூன்று மட்டும்: பாதுகாப்புக்குக் கேடு, தேவைக்கு மீறிய செலவு, தேவையே இல்லாத இடம். சைக்கிள் பாதை வேண்டும் என்று கேட்கிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்கிற துறைதான் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்தச் சட்டம் சோதனைக்கு வந்தது. போர்ட்லேண்ட் நகரில் கூடைப்பந்து அரங்கம் ஒன்றைச் சுற்றியுள்ள தெருக்களைத் திருத்திக் கட்டியபோது மாநகராட்சி சைக்கிள் தடம் விடவில்லை. சைக்கிள் ஓட்டுவோர் அமைப்பு நீதிமன்றம் போனது. ஒரு சதவீதம் செலவழித்துவிட்டோமே என்றது மாநகராட்சி. 1995இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: ஒரு சதவீதம் என்பது அடித்தளம், உச்சவரம்பு அல்ல, விலக்கு பொருந்தாத ஒவ்வொரு சாலைக்கும் கடமை உண்டு. நிதி ஒதுக்கீட்டு வாசகம் மட்டும் இருந்திருந்தால் மாநகராட்சி வென்றிருக்கும். ஒவ்வொரு சாலைக்கும் பொருந்தும் கடமை எழுத்தில் இருந்ததால் தோற்றது. சட்டம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2020இல் சைக்கிள் பாதைக்கான வடிவமைப்புத் தரத்தை வெளியிட்டு, அதற்கு ஒத்துவராத திட்டங்களுக்குப் பணம் இல்லை என்றது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பை நிறுவி, ஒலிம்பிக் சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மேனைப் பொறுப்பில் அமர்த்தியது.

நம் சாலைகளில் சைக்கிள் ஓட்ட ஆள் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. சைக்கிளில் போகிறவர் இரவுக் காவலர், கட்டட வேலைக்காரர், பால்காரர். அவர் மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து நிற்பதில்லை, வேலைக்கு நேரமாகிவிடும். அவர் கேட்காமலே கிடைக்க வேண்டிய இடம் அது.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்கப் பெரிய பணம் வேண்டாம். எந்தச் சாலைத் திட்டத்துக்கும் நிர்வாக ஒப்புதல் தரும் முன், சைக்கிள் பாதை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அந்தத் தாள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். அதுவரை, ஊர்ச் சாலை விரிவாக்கத்துக்கு வருகிறது என்று தெரிந்தால், ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.