இடது கையின் குழப்பம்

அப்பாவுக்கு ஸ்ப்ளெண்டர், கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஆக்டிவா. இந்தியாவின் லட்சக்கணக்கான வீட்டு வாசல்களில் காணக்கூடிய ஜோடி இது. ஓர் அவசரத்துக்கு அப்பா ஆக்டிவாவை எடுக்கிறார். வேகத்தடை வருகிறது. பல வருடப் பழக்கத்தில் இடது கை, லீவரை முழுதாக இழுக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது கிளட்ச். இங்கே அது பிரேக். பின்னால் வருபவர் திட்டுவதோடு விட்டால் அதிர்ஷ்டம்தான்.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். முதல் குற்றவாளி அதிவேகம்தான். ஆனால் 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அரை விநாடியில் ஏழு மீட்டர் கடந்துவிடும். விரல் சரியான பொத்தானைத் தேட எடுத்துக்கொள்வதும் அவ்வளவு நேரம்தான்.

குழப்பம் புதிதல்ல. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பஜாஜ் சேத்தக்கில் இடது கைப்பிடியையே திருகி கியர் மாற்ற வேண்டும். யெஸ்டியில் கிக்கரே கியர் லீவரும்கூட. ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் ஏறினால் தடுமாறுவார். இப்போது கால்களின் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிட்டது. கைகளின் வேலைதான் இன்னும் தீரவில்லை.

முக்கியமாக இடது கட்டை விரல். ஹெட்லைட்டின் டிம்-பிரைட், இண்டிகேட்டர், ஹார்ன் மூன்றும் அதன் பொறுப்பு. நம் சாலைகளில் ஹார்னுக்கு ஓய்வே கிடையாது என்பதால் அது எங்கே இருக்கிறது என்று விரலுக்கு மனப்பாடம். பொதுவாக மேலே இண்டிகேட்டர், கீழே ஹார்ன். ஹோண்டா சில மாடல்களில் இரண்டையும் இடம் மாற்றியது. பழகாதவர்கள் இடதுபுறம் திரும்ப நினைத்து ஹார்ன் அடித்தார்கள். இதில் சிரிக்கலாம். மாடு குறுக்கே வரும்போது ஹார்னுக்குப் பதில் இண்டிகேட்டர் மின்னினால் சிரிக்க முடியாது.

திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறப்பது இன்னொரு தொல்லை. காரில் ஸ்டியரிங் நேரானதும் அது தானாக அணைந்துவிடும். பைக்கில் நடுவில் ஒரு முறை அழுத்த வேண்டும். தானே அணையும் இண்டிகேட்டரை 2000களின் நடுவிலேயே பல்சர் கொண்டுவந்தும் எல்லா வண்டிகளுக்கும் அது வந்து சேரவில்லை.

வலது பக்கம் நிலைமை தேவலை. ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் வந்ததும் அதன் சுவிட்சுக்கு வேலை போயிற்று. சிவப்பு நிற கில் சுவிட்ச் மட்டும் சிலரை ஏமாற்றுகிறது. யாரோ அதைத் தட்டிவிட்டது தெரியாமல் ஸ்டார்ட் ஆகாத பைக்கை மெக்கானிக் கடைவரை தள்ளிப்போகிறவர்கள் உண்டு. 2020இல் வந்த ஆக்டிவா 6ஜியில் ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் ஒரே சுவிட்ச்.

ஸ்கூட்டர் பிரேக் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் உதவியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் கட்டாயம். ஸ்கூட்டரில் இடது லீவரைத் தவறி இழுத்தாலும் பின்சக்கரம் மட்டும் வழுக்கும் அபாயம் குறையும். வண்டி சட்டென்று நிற்பது குறையாது.

மெக்கானிக்கிடம் சொன்னால் லீவரின் கோணத்தையும் கேபிளின் தளர்வையும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். ஆனால் சிறிய கை கொண்டவர்களுக்குத் தேவை லீவரைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரும் வசதி. விலை அதிகமான பைக்குகளில் அதற்கென்று ஒரு சிறிய திருகு இருக்கிறது. மகள் ஓட்டும் வண்டியில் பெரும்பாலும் இல்லை.