பெயர் மாறிய ஒளி நுண்ணுயிர்

பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவது தமிழிலக்கண மரபு. உயிரியலார் சூட்டும் பேரினப் பெயர்களுள் பல காரணப்பெயர்களே. ஆனால், எந்தக் காரணத்தைக் கொள்வது என்பதில் கருத்து வேறுபட்டால் பெயரும் நிலைபெறாது. கடலில் ஒளிவிட்டு வாழும் பாக்டீரியா ஒன்றின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

1889ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க், ஒளிரும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றுக்குப் 'போட்டோபாக்டீரியம் பிஷெரி' எனப் பெயரிட்டார். 'போட்டோ' என்பது ஒளி. 'பிஷெரி' என்பது செருமானிய அறிஞர் பெர்ன்ஹார்டு பிஷரின் நினைவு. ஒளியே இங்குக் காரணம். ஏழாண்டுகள் கழித்து லேமான், நாய்மான் என்னும் இருவர் அதனை 'விப்ரியோ' பேரினத்திற்கு மாற்றினர். 1854இல் இத்தாலியர் பாசினி வாந்திபேதிக் கிருமிக்கு இட்ட பெயர் அது. துடித்து அசைவது என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இப்போது காரணம் ஒளியன்று, வடிவும் அசைவுமே. 1970களில் அவ்வுயிர் மீண்டும் போட்டோபாக்டீரியமாயிற்று. 1980களில் மறுபடியும் விப்ரியோ ஆயிற்று. மாணாக்கர் திகைத்ததில் வியப்பென்ன!

ஒளியைக் கொண்டு இனம் பிரிப்பது எளிது, ஆனால் பிழைபடும். விப்ரியோ ஹார்வெயி ஒளிரும். அதே பேரினத்து வாந்திபேதிக் கிருமியோ பெரும்பாலும் ஒளிராது. ஆழ்கடலில் வாழும் போட்டோபாக்டீரியம் புரோபண்டம் பெயரில் மட்டுமே ஒளியுடையது. ஒளிக்குரிய மரபணுக்கள் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்குத் தாவவும் கூடும். சில வழிகளில் அடியோடு இழக்கப்படவும் கூடும். ஒருவர் அணிந்திருக்கும் நகையைப் பார்த்து அவர் குடும்பத்தைக் கூறலாமா?

ஆதலின் ஆய்வாளர் வேறு சான்று தேடினர். உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத மரபணுக்கள் மெல்லவே மாறுவன. அவற்றின் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டால் உறவின் நெருக்கம் விளங்கும். இம்முறையில் ஆராய்ந்த அர்பான்சிக், டன்லப் முதலியோர், 2007இல் பிஷெரியையும் அதற்கு நெருங்கிய மூன்று சிற்றினங்களையும் பிரித்து, 'அலிவிப்ரியோ' என்னும் புதுப் பேரினத்தை அமைத்தனர். 'வேறான விப்ரியோ' என்பது பொருள். இந்நால்வருள் ஒன்றான சால்மோனிசிடா, குளிர்நீரில் வளர்க்கப்படும் சால்மன் மீனுக்கு நோய் தருவது. ஒளிக்கும் அதற்கும் வெளிப்படையான தொடர்பில்லை. எனினும் உறவு அதனை இங்கே சேர்த்தது.

பேரினம் மாறினும் 'பிஷெரி' என்னும் அடைமொழி விடுபடாமை பெயரீட்டு விதியின் பயன். ஹவாய்க் கடலில் வாழும் சிறு கணவாயின் ஒளியுறுப்பில் இவ்வுயிர் தங்கி, நிலவொளியில் அதன் நிழல் தெரியாதபடி காக்கிறது. தனித்திருக்கும்போது ஒளிராமல், கூட்டம் பெருகிய பின்னரே ஒளிர்வது இதன் இயல்பு. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கிற்று. அக்கட்டுரையைத் தேடுவோர் பழைய பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். விதிப்படி விப்ரியோ பிஷெரி என்பதும் இன்றளவும் செல்லுபடியாகும் பெயரே. கணவாயை ஆராய்வோருள் பலர் அதனையே எழுதுகின்றனர்.