எந்தச் சிறுநீரகத்தைக் கொடுப்பது?

நம் உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. கிட்னி என்றும் சொல்வார்கள். முதுகுப் பக்கம், விலா எலும்பை ஒட்டி, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றும் இருக்கின்றன. அவரை விதை போன்ற வடிவம். கைமுட்டி அளவு.

இரத்தத்தைச் சுத்தம் செய்வது இவற்றின் வேலை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 150 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. உடலுக்கு வேண்டியதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது.

ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதானால், உறவினர் ஒருவர் தம்முடையதில் ஒன்றைக் கொடுக்கலாம். நம் நாட்டில் அப்படிக் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். தாய் கொடுக்கிறாள். மனைவி கொடுக்கிறாள். நோய் இல்லாத அவர்களுக்கும் பல சோதனைகள் செய்கிறார்கள். ஏன்?

இரத்தச் சோதனை போதாதா?

இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளை அளப்பார்கள். ஆனால் சிறுநீரக வேலை பாதியளவு குறையும் வரைகூட இந்த அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றலாம். வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தின் அளவும் வடிவமும் தெரியும். கல் இருந்தால் தெரியும். ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரியாது.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு சுணங்கினால் மற்ற மாடு சேர்த்து இழுக்கும். வண்டி ஓடும். வண்டி ஓடுவதை மட்டும் பார்த்து, இரண்டு மாடும் சமமாக இழுக்கின்றன என்று சொல்ல முடியுமா?

எப்படி அளக்கிறார்கள்?

இதற்கு டி.டி.பி.ஏ. ஸ்கேன் என்ற சோதனை உண்டு. முதலில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பிறகு கை நரம்பில் ஓர் ஊசி போடுவார்கள். அந்த மருந்தில் சிறிதளவு கதிர்வீச்சு இருக்கும். இரத்தத்தோடு போகும் மருந்தைச் சிறுநீரகங்கள் வடிகட்டும். காமா கேமரா என்ற கருவி அதைப் படம் பிடிக்கும். சுமார் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஊசி குத்தும் வலி தவிர வேறு வலி இல்லை.

மருந்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் சோதனைக்குப் பிறகும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டும் சேர்ந்து நிமிடத்திற்கு எத்தனை மில்லி வடிகட்டுகின்றன என்று கணக்கிடுவார்கள். 90 மில்லியும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. இடையில் இருந்தால் வயதையும் உடல்நலத்தையும் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

ஒவ்வொன்றின் பங்கும் தனியாகத் தெரியும். ஒன்று 100-க்கு 58 பங்கும், மற்றது 42 பங்கும் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். 42 பங்கு செய்வதைத்தான் எடுப்பார்கள். நல்லது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். இதுவே விதி. மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

முடிவு யார் கையில்?

1994-ஆம் ஆண்டு வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி, கொடுப்பவர் மனமொப்பிச் சம்மதிக்க வேண்டும். இதனால் வரக்கூடிய ஆபத்துகளை டாக்டர் அவருக்கு விளக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பணத்துக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம்.

"என் இரண்டு சிறுநீரகங்களும் எவ்வளவு வேலை செய்கின்றன? எதை எடுக்கப் போகிறீர்கள்?" கொடுப்பவர் இதைத் தைரியமாகக் கேட்கலாம். "நீங்கள் கொடுக்க வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அது அவருடைய அன்புக்குக் குறைவில்லை. அவர் உயிரும் ஓர் உயிர்தானே!