மதிப்பெண்ணும் மாணவனும்

குறைந்த மதிப்பெண் பெற்றோரைப் பல்கலைக்கழகத்திற் சேர்த்தால் தரம் தாழும் என்பது பழைய அச்சம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் அவ்வச்சத்தை நேருக்கு நேர் சந்தித்தது. அந்நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் தன் கல்லூரிகளுள் ஒன்றில் இடமளித்தது. வந்தவருட் பலர் பிழையின்றி ஒரு பத்தியும் எழுத அறியாதவர். ஆசிரியர் சிலர் கைவிரித்தனர். மைனா ஷானெசி என்னும் ஆசிரியையோ, அம்மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்து வைத்து ஆராய்ந்தார். பிழைகள் சோம்பலாலோ மந்தபுத்தியாலோ எழுந்தவை அல்ல. தமக்குக் கற்பிக்கப்படாத விதியைத் தாமே ஊகித்து எழுதியதன் விளைவு. அவற்றுள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு எனக் கண்டு, 1977-இல் நூலாக வெளியிட்டார். ஒழுங்கு புலப்பட்டால் கற்பிக்கும் வழியும் புலப்படும் அன்றோ?

நாமும் விடைத்தாள் திருத்துகின்றோம். சிவப்பு மையால் அடிக்கோடிடுவதில் நமக்கு இணையில்லை! ஏன் இவ்வாறு எழுதினாய் என்று மாணவனை எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்?

கேட்பதற்குச் சிறு வகுப்பும் காலமும் வேண்டும். அவற்றிற்குப் பொருள் வேண்டும். அந்நகரிலோ நிதி நெருக்கடியால் 1976-இல் கட்டணமில்லாக் கல்வி முடிவுற்றது. 1999-இல், நான்காண்டுக் கல்லூரிகளில் பின்தங்கியோருக்கென நடந்த அடிப்படை வகுப்புகளை நீக்கத் தீர்மானித்தனர். அத்தகையோர் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிடப்பட்டனர்.